புகைக்குழாயில் ஒரு தேன்கூடு

'கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் வண்டிக்கு வேகம் வரும், மைலேஜும் கூடும்' என்னும் நம்பிக்கை கார் வைத்திருப்போர் பலரிடம் உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரங்களில் பழைய கார்கள் இன்றும் நன்கு உழைப்பதால், இதனை ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது.

பெட்ரோல் எஞ்சினின் புகைக்குழாயில், சைலன்சருக்கு முன்னால் அமைந்த கலனே வினையூக்கி மாற்றி. அதனுள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருக்கும். அதன் நுண்துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இவை நச்சான கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் மாற்றுகின்றன. எரியாத பெட்ரோல் ஆவியையும் எரித்துவிடுகின்றன. பெட்ரோலில் கலந்த ஈயம் இவ்வுலோகங்களின் மேல் படிந்து அவற்றைச் செயலிழக்கச் செய்யும். எனவே, 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு இக்கருவி கட்டாயமாக்கப்பட்டபோது, ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. 2000இல் ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது.

நம்பிக்கைக்குள் ஒரு சிறு உண்மை ஒளிந்துள்ளது. தேன்கூடு அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியின்றி எஞ்சின் திணறும். வேகமும் மைலேஜும் குறையும். மதகில் ஆகாயத்தாமரை அடைத்தால் வாய்க்கால் நீர் தேங்குவது போன்றதே இது. அடைபட்ட மாற்றியை நீக்கியவர் வண்டி விரைவதைக் கண்டு, எல்லா மாற்றிகளும் தடையே என முடிவு செய்துவிடுகிறார். புதிய மாற்றியைப் பொருத்தியிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும். நல்ல நிலையிலுள்ள மாற்றி ஏற்படுத்தும் தடை மிகச் சிறிது. அன்றாட ஓட்டத்தில் அது உணரப்படுவதில்லை.

மைலேஜ் பற்றிய கூற்றோ பெரும்பாலும் பிழையானது. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் கார்களில், மாற்றிக்கு முன்னுள்ள ஆக்சிஜன் உணரியே ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் 14.7 பங்கு காற்று என்னும் விகிதத்தைக் காக்கிறது. மாற்றி இல்லாவிட்டாலும் இவ்விகிதம் மாறாது. பிறகு மிச்சம் எங்கிருந்து வரும்? பின்னால் உள்ள உணரி குறையைக் கண்டறிந்ததும் எச்சரிக்கை விளக்கு எரியும். சில வண்டிகள் அப்போது கூடுதலாகப் பெட்ரோலைச் செலவிடும். வெட்டி ஒட்டிய குழாயில் முன் உணரியின் அருகே கசிவு ஏற்பட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். கசிவின் வழியே நுழையும் காற்றை, பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அடையாளமாக உணரி தவறாகக் கொள்ளும். எஞ்சினுக்குள் தேவைக்கு மிகுதியான பெட்ரோல் பாயும்.

மாற்றியில்லாக் காரின் புகை சாலையோடு நின்றுவிடுவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரியாத ஆவியும் வெயிலில் வினைபுரிந்து, தரையை ஒட்டிய காற்றில் ஓசோனை உண்டாக்கும். அது இலைத்துளைகள் வழியே நெற்பயிருக்குள் புகுந்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கும். மணிகளின் எடையும் குறையும். குறுவையும் சம்பாவும் விளையும் டெல்டாவில் இது வயல்காரரின் கவலையும் ஆகும்.

மாசு வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். புகைச் சான்றிதழுக்கான சோதனையில் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஆவியும் அளக்கப்படுவதால், மாற்றியை இழந்த கார் அங்கேயே அகப்பட வாய்ப்புண்டு.