பொன்விழாப் படமும் பதினொரு மணி நேரமும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும் தம் திருமணப் பொன்விழாவைக் கொண்டாடினர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடியிருந்த அந்நாளில், என்றும் அதிகம் பேசாத பெரியப்பா, தம் இளமைக் காலத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். அப்பேச்சையும் விருந்தையும் பழைய நிழற்படங்களையும் சேர்த்து ஐம்பது நிமிடப் படமாகத் தொகுத்தோம். மூத்த மகன் திங்கள் விடியற்காலையில் துபாய்க்குப் புறப்பட வேண்டும். ஞாயிறு இரவு எல்லாரும் ஒன்றாக அமர்ந்து படத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

மாலை ஐந்து மணிக்குத் தொகுப்பு வேலை முடிந்தது. கணினியில் இறுதிப் பொத்தானை அழுத்தினோம். இன்னும் பதினொரு மணி நேரம் ஆகும் என்று திரை காட்டியது! விடிய மூன்று மணிக்கு மகன் வண்டி ஏறிவிட்டார். படம் பின்னர் அவருக்குக் கிடைக்கத்தான் செய்தது. ஆயினும், தந்தையும் மகனும் அருகருகே அமர்ந்து அதனைப் பார்க்கும் வாய்ப்பு கிட்டவில்லை. அடுத்த விடுமுறைக்கு அவர் வந்தபோது பெரியப்பா இல்லை.

கணினி பழையது என்று அப்போது நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். உண்மையில் குறை கணினியில் இல்லை. நம்முடைய அறியாமையில்தான் இருந்தது. இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசியே கேமராவாகிவிட்டது. திருமணம், பிறந்தநாள், பள்ளி விழா என யாவற்றையும் இளைஞர் தாமே படமாகத் தொகுக்கின்றனர். நாம் பட்ட துன்பம் அவர்களுக்கு வரலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

ரெண்டர் என்பது யாது?

நாம் வெட்டியும் ஒட்டியும் வண்ணம் திருத்தியும் எழுத்துச் சேர்த்தும் செய்த மாற்றங்கள் யாவும் கணினியில் வெறும் குறிப்புகளாகவே இருக்கின்றன. அக்குறிப்புகளின்படி ஒவ்வொரு பிரேமையும் புதிதாக வரைந்து, முழுப் படமாகக் கட்டித் தரும் வேலையே ரெண்டர்.

உயர்தெளிவு வீடியோவின் ஒரு பிரேமில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 எனப் புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 20,73,600 ஆகும். பழைய பால் முறை வீடியோவின் 720க்கு 576 என்னும் அளவைப்போல் இது சரியாக ஐந்து மடங்கு. விநாடிக்கு 25 பிரேம் வீதம் ஐம்பது நிமிடத்துக்கு 75,000 பிரேம்கள். கணினி விநாடிக்கு இரண்டு பிரேம் கூட முடிக்காமல் திணறினால் பதினொரு மணி நேரம் ஆவதில் வியப்பென்ன?

கணக்குப் புத்தகம் போன்ற வீடியோ

கேமராவும் கைப்பேசியும் படத்தை முழுமையாகப் பதிந்து வைப்பதில்லை. அவ்வாறு வைத்தால் ஒரு மணி நேரப் படம் ஐந்நூறு ஜிகாபைட்டையும் தாண்டிவிடும். ஆகவே அவை படத்தைச் சுருக்கி வைக்கின்றன. 2003-இல் வெளியான எச்.264, 2013-இல் வெளியான எச்.265 ஆகிய முறைகள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன.

இம்முறைகளை வீட்டு வரவு செலவுக் கணக்கோடு ஒப்பிடலாம். மாதத் தொடக்கத்தில் கையிருப்பை முழுமையாக எழுதுகிறோம். பின்னர் அன்றாட வரவையும் செலவையும் மட்டுமே குறிக்கிறோம். இருபதாம் நாளின் இருப்பு என்ன என்று ஒருவர் கேட்டால், முதல் நாளிலிருந்து கூட்டிக் கழித்துத்தான் சொல்ல முடியும். அவ்வாறே, ஒரு பிரேம் முழுமையாகவும், அதனைத் தொடரும் பல பிரேம்கள் எது மாறியது என்னும் குறிப்பாகவும் பதிவாகின்றன. இடையிலுள்ள ஒரு பிரேமைக் காண, கணினி அது சார்ந்திருக்கும் மற்றவற்றையும் விரித்துப் பார்க்க வேண்டும். எச்.265 இன்னும் இறுக்கமாகச் சுருக்குவது. ஆதலால் விரிக்கவும் உழைப்பு மிகுதி.

முதலில் நோயை அறிவோம்

எங்கள் தங்கையின் மகன் சென்னையில் படத்தொகுப்புத் தொழில் செய்பவர். நடந்ததைச் சொல்லி, "புதுக் கணினி வாங்கிவிடலாமா?" என்று அவரைக் கேட்டோம்.

"பொறுங்கள் மாமா. நேரத்தை விழுங்குவது எது என்று பார்த்தீர்களா?" என்றார் அவர்.

பார்க்கவில்லை என்பதே உண்மை. படத்தில் ஒரே ஒரு நிமிடப் பகுதியை எடுத்து அவர் ரெண்டர் செய்தார். பதின்மூன்று நிமிடம் ஆயிற்று. பின்னர், இருண்ட கூடத்தில் எடுத்த காட்சிகளில் மணல் தூவினாற்போல் தெரியும் புள்ளிகளை அகற்றுவதற்காக நாம் சேர்த்திருந்த 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' வசதியை மட்டும் நிறுத்திவிட்டு, அதே பகுதியை மீண்டும் ரெண்டர் செய்தார். இரண்டரை நிமிடத்தில் முடிந்தது!

கணினி அறிஞர் ஜீன் அம்டால் 1967-இல் எடுத்துரைத்த உண்மை இங்கே நினைவுகொள்ளத் தக்கது. ஒரு வேலையின் சிறு பகுதியை எவ்வளவுதான் விரைவாக்கினாலும், பெரும் பகுதி மெதுவாகவே இருக்குமாயின் மொத்தப் பயன் சிறிதே என்பது அதன் சாரம். நம் படத்தில் எஞ்சிய இரண்டரை நிமிட வேலையைப் பாதியாகக் குறைத்திருந்தாலும், பதின்மூன்றில் ஒன்றேகால் நிமிடமே மிஞ்சியிருக்கும். நோயறியாமல் மருந்து வாங்குவது எத்துணை வீண் செலவு!

மருந்துகள் சில

வேண்டிய இடத்தில் மட்டும்: புள்ளி நீக்கும் வசதி, முன்னும் பின்னுமுள்ள பிரேம்களையெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பதால் மிகுந்த நேரம் கொள்வது. நாமோ அதனை ஐம்பது நிமிடத்துக்கும் பூசியிருந்தோம். உண்மையில் இருண்ட காட்சிகள் ஆறு நிமிடமே. அவற்றை மட்டும் தனியே ஒருமுறை ரெண்டர் செய்து, பழையதின் இடத்தில் வைத்துவிட்டால் போதும். பிரீமியரில் 'ரெண்டர் அண்ட் ரீப்ளேஸ்' என்றும், டாவின்சி ரிசால்வில் 'ரெண்டர் இன் பிளேஸ்' என்றும் இதற்கு வழி உண்டு. பிறகு எழுத்துப் பிழையொன்றைத் திருத்தி மீண்டும் படமாக்கினாலும் அந்த ஆறு நிமிடத்துக்கு மறுபடி பாடுபட வேண்டியதில்லை.

நிழற்படங்களைச் சிறிதாக்குக: இன்றைய கேமராவின் படம் ஒன்று 6,000க்கு 4,000 புள்ளிகள், அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் கொண்டதாக இருக்கலாம். உயர்தெளிவுப் பிரேமைப்போல் இது ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கு. ஒவ்வொரு பிரேமுக்கும் இதனைச் சுருக்குவது கணினியின் தலையில் விழும் வேலை. படத்தை நெருக்கிக் காட்டும் எண்ணமிருந்தால் பிரேமைப்போல் இரு மடங்கு அகலமும், இல்லையெனில் பிரேமின் அளவும் இருக்குமாறு முன்னரே சுருக்கிக்கொள்வது நன்று.

கைப்பேசிக் காட்சிகளை ஒழுங்கு செய்க: கைப்பேசிகள் பலவும் சீரற்ற வேகத்தில், விநாடிக்கு ஏறத்தாழ 30 பிரேம் எனப் பதிகின்றன. அவற்றைத் தொகுப்புக்கு முன்பே விநாடிக்கு 25 என்னும் ஒரே சீரான வேகத்துக்கும், புரோரெஸ் போன்ற எளிதில் விரியும் வடிவத்துக்கும் மாற்றலாம். புரோரெஸ் 422 வடிவில் ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 55 ஜிகாபைட் இடம் கொள்ளும்; வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

பிராக்சியின் எல்லையை அறிக: பிராக்சி என்பது தொகுக்கும்போது மட்டும் பயன்படுத்தும் சிறிய நகல். அதனால் வெட்டலும் ஒட்டலும் தடையின்றி நடக்கும். ஆனால் இறுதி ரெண்டரில் கணினி மூலப் படத்துக்கே திரும்புவதால், அந்நேரம் இதனால் குறைவதில்லை. இவ்விரண்டையும் பலர் குழப்பிக்கொள்கின்றனர்.

தனிப் பொறியைப் பயன்படுத்துக: வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனிப் பகுதி பல கணினிகளில் உண்டு. இன்டெல் 2011-இல் குவிக் சிங்க் என்னும் பெயரிலும், என்விடியா 2012-இல் என்வென்க் என்னும் பெயரிலும் இதனைக் கொணர்ந்தன. ஏற்றுமதிப் பக்கத்தில் 'ஹார்டுவேர்' என்பதைத் தேர்ந்தால் இது இயங்கும். ஒரே கோப்பளவில் தெளிவு சற்றே குறையக்கூடும். ஆதலால் பிட்ரேட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும். 'டூ பாஸ்' என்பது படத்தை இருமுறை அலசுவது. கோப்பின் அளவில் கண்டிப்பு இல்லாத வீட்டுப் படத்துக்கு ஒருமுறையே போதும்.

காற்றுக்கு வழி விடுக: நாம் மடிக்கணினியை மெத்தைமீது வைத்திருந்தோம். காற்று நுழையும் துளைகள் அடைபட்டுச் சூடேறினால், கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பலகைமீது வைப்பதும், விசிறியின் தூசியை அகற்றுவதும் காசில்லா மருந்துகள். மின்கலத்தை நம்பாமல் மின்னிணைப்பில் வைத்தே வேலை செய்வதும் அத்தகையதே.

எஸ்.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் மருந்தன்று: கேமராவின் சுருக்கிய வீடியோ விநாடிக்கு 24 மெகாபிட் என்றால் அது 3 மெகாபைட்டே. நூறு மெகாபைட்டை விநாடியில் படிக்க வல்ல பழைய ஹார்டு டிஸ்குக்கு இது பெரிதன்று. பல கேமராக் காட்சிகளை ஒருசேர ஓட்டுவோர்க்கும், விரிந்த வடிவில் வேலை செய்வோர்க்கும் எஸ்.எஸ்.டி. பெரிதும் உதவும். ஆனால் சுணக்கம் வேறிடத்தில் இருக்கையில் இதனை மட்டும் வாங்குவோர் ஏமாற்றமே அடைவர்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

இவற்றுள் ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்து, அந்த ஒரு நிமிடப் பகுதியைக் கடிகாரம் வைத்து அளந்து, ஏட்டில் குறித்தார் மருமகன். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாதல்லவா? அன்று மாலைக்குள், ஆறு நிமிட இருண்ட காட்சிகள் தனியே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓடி முடிந்தன. பின்னர் ஐம்பது நிமிடப் படம் முழுவதும் நாற்பத்திரண்டு நிமிடத்தில் அதே பழைய கணினியில் நிறைவுற்றது.

நாற்பத்திரண்டு நிமிடம்! இதனை முன்னரே அறிந்திருந்தால், அந்த ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் படம் கைக்கு வந்திருக்கும்.

சென்ற ஆண்டு பெரியம்மாவுக்கு எண்பது வயது நிறைந்தது. விழாப் படத்தை மகன் ஊரில் இருக்கும்போதே முடித்தோம். இரவு உணவுக்குப் பின் அனைவரும் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்தோம். படத்தின் தொடக்கத்தில் பெரியப்பாவின் பொன்விழாப் பேச்சிலிருந்து சிறு பகுதியைச் சேர்த்திருந்தோம். மகனின் கையைப் பிடித்தபடியே பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இன்னொரு முறை போடு" என்றார். போட்டோம்.

வீட்டிலுள்ள இளைஞர்களே, பெற்றோரின் பேச்சையும் சிரிப்பையும் படமாக்கி வைப்பது அரிய பணி. ஆயின், படத்தை எதிர்பார்த்திருப்போர் அருகில் இருக்கும்போதே அதனை முடித்துத் தருவதும் அப்பணியின் ஒரு பகுதியே. விழா நெருங்கும்வரை காத்திராமல், இன்றே ஒரு நிமிடப் படத்தை எடுத்து அளந்து பாருங்கள்.