வட்டிக் கணக்கைக் கால்குலேட்டருக்குச் சொல்லிக் கொடுப்போம்

கொல்லிமலையில் எடப்புளி நாடு, வளப்பூர் நாடு போன்ற பகுதிகளில் கடை நடத்துவோருக்கும், கீழே மொத்த வியாபாரம் செய்யும் நமக்கும் உள்ள பற்று வரவு பெரும்பாலும் மிளகு, காப்பி அறுவடையை ஒட்டித்தான் தீர்கிறது. அதுவரை சரக்குக் கடனில் நிற்கும். வட்டி நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்பது பேச்சு. கணக்குத் தீர்க்கும் அன்று கடைக்காரர் ஒரு தொகையும் விவசாயி ஒரு தொகையும் சொல்லி நிற்பதை நாம் அறிவோம். இரண்டு பேரும் கால்குலேட்டரில் போட்டதாகவே சொல்வார்கள்!

1981ல் வெளிவந்த ஹெச்.பி. 12சி என்ற நிதிக் கால்குலேட்டர் இதற்கு நல்ல துணை. நாம் அடிக்கும் விசைகளை வரிசையாக நினைவில் வைத்து, பிறகு ஒரே விசையில் செய்து முடிக்கும். 99 வரி வரை எழுதலாம், அணைத்தாலும் அழியாது. பழையது கிடைத்தால் விட வேண்டாம். கைபேசியிலும் இதே விசைகளோடு செயலி உண்டு.

ஒரு விஷயம் முதலில் திகைக்க வைக்கும்: இதில் சமக்குறி விசை கிடையாது. 6, என்டர், 7, பெருக்கல் என்று அடித்தால் 42 வரும். எண்கள் முன்னே, செய்கை பின்னே. 'ஆறேழு நாற்பத்திரண்டு' என்று வாய்ப்பாடு சொன்னவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

நம் சூத்திரம்: அசல் × நாள் × வட்டி ÷ 3000. நூறையும் மாதத்தின் 30 நாளையும் பெருக்கியதே அந்த 3000. வட்டி ஒன்றரை ரூபாய் என்றால் 1.5 அடித்து எஸ்.டி.ஓ. 1 அழுத்தவும். 3000 அடித்து எஸ்.டி.ஓ. 2. அடுத்து மஞ்சள் நிற எஃப் விசையும் பி/ஆர் விசையும் அழுத்தினால் எழுதும் நிலை வரும். எஃப், பி.ஆர்.ஜி.எம். அழுத்திப் பழையதை அழிக்கவும். பிறகு ஐந்தே வரி: பெருக்கல், ஆர்.சி.எல். 1, பெருக்கல், ஆர்.சி.எல். 2, வகுத்தல். திரையில் விசையின் பெயர் வராது, இடம்தான் எண்ணாக வரும். ஆர்.சி.எல். என்பது நான்காம் வரிசையில் ஐந்தாவது விசை, ஆகவே 45. பத்தாவது விசைக்குச் சுழியம். எனவே பெருக்கல் 20, வகுத்தல் 10. மறுபடி எஃப், பி/ஆர் அழுத்தி வெளியே வரவும்.

இனி 50000, என்டர், 45, ஆர்/எஸ். விடை 1125 வந்தால் சரி. அடுத்த ஆளுக்கு அசலும் நாளும் மட்டும் மாற்றி ஆர்/எஸ் அழுத்தினால் போதும்.

நாள் எண்ணும் விசையும் இதிலேயே உண்டு. பிப்ரவரியையும் லீப் வருடத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் இங்கேதான் தகராறும் பிறக்கிறது. லட்ச ரூபாய், வட்டி இரண்டு ரூபாய், ஒரு வருடம் என்று கொள்வோம். மாதக் கணக்கில் 24,000 ரூபாய். 365 நாளையும் எண்ணி 3000ஆல் வகுத்தால் 24,333 ரூபாய் 33 பைசா. கருவி இரண்டையும் பிழையில்லாமல்தான் போடும். 333 ரூபாய் யாருக்கு என்பதைச் சரக்குக் கொடுக்கும் அன்றே பேசிச் சிட்டையில் எழுதிவிடுவது நம் வேலை. மிளகு மூட்டையைத் தராசில் ஏற்றிய பிறகு பேசினால், மலையிலிருந்து இறங்கி வந்தவர் நாம் சொன்னதைக் கேட்டுத்தான் போக வேண்டியிருக்கும். அது முறையல்ல.

வட்டி விகிதம் ஆளுக்கு ஆள் மாறினால் எஸ்.டி.ஓ. 1ல் மாற்றிக்கொள்ள மறக்க வேண்டாம். பழைய வட்டியிலேயே கணக்குப் போட்டுவிடும், எச்சரிக்காது. யாராவது நினைவிடங்களை அழித்துவிட்டால் மட்டும் 3000 இருந்த இடம் சுழியமாகி, சுழியத்தால் வகுக்க முடியாமல் திரையில் பிழை என்று காட்டும். அப்போது இரண்டு எண்களையும் மறுபடி ஏற்ற வேண்டும், ஐந்து வரியும் அப்படியே இருக்கும். காலையில் கடை திறந்ததும் 1.5ஐ ஏற்றி, அந்த 50000, 45ஐ ஒருமுறை அடித்து 1125 வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பேரேட்டைத் திறக்கலாம்.