வழக்கு வேல்ஸிலே, தீர்ப்பு இலண்டனிலே!



ஒரு நாடு மற்றொரு நாட்டோடு எந்த அளவுக்குக் கலந்துவிட்டது என்பதை எதைக் கொண்டு அறிவது? கோட்டையிலே பறக்கும் கொடியைப் பார் என்பார் சிலர். கையிலே புழங்கும் காசைப் பார் என்பார் வேறு சிலர். நான் சொல்வேன், நீதிமன்றத்தின் வாசற்படியிலே போய் நின்று பாருங்கள்! கூண்டிலே ஏழை ஒருவன் நிற்கிறான். அவனை விசாரிக்கும் சட்டத்தை எழுதியவர் யார்? அவன்மீது சாட்டப்பட்ட குற்றம் எந்த மொழியிலே படிக்கப்படுகிறது? இங்கே தீராத வழக்கு எந்த ஊருக்குப் போகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தால், அந்த நாட்டின் கதையே கிடைத்துவிடும்.

இங்கிலாந்தும் வேல்ஸும் அண்டை நாடுகள். வேல்ஸுக்குத் தனிக் கொடி உண்டு. தனி மொழி உண்டு. கால்பந்துப் பந்தயத்துக்குத் தனி அணியும் உண்டு. தனி நீதி எல்லை மட்டும் இல்லை! சட்டத்தின் கண்ணுக்கு ‘இங்கிலாந்து - வேல்ஸ்’ என்பது ஒன்றே. அதே தீவின் வடக்கே இருக்கிறது ஸ்காட்லாந்து. அதே முடி, அதே பாராளுமன்றம். ஆனால் சட்டமுறை வேறு, நீதிமன்றங்கள் வேறு. ஒரே வீட்டுக்கு வந்த இருவரில் ஒருவருக்குத் தனிச் சாவி, மற்றவருக்கு இல்லை! ஏன்?

பத்தாம் நூற்றாண்டிலே வேல்ஸை ஆண்டவன் ஹவெல். ‘நல்லவன்’ என்ற அடைமொழியோடு மக்கள் நினைவிலே நின்ற மன்னன். வேல்ஸின் பழஞ்சட்டம் அவன் பெயராலேயே வழங்கியது. கொலை நடந்தால், கொன்றவன் குலத்தார் இறந்தவன் குலத்தாருக்கு ஈடு தர வேண்டும். தந்தையின் நிலம் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு. ஏழாண்டு வாழ்ந்து பிரிந்த மனைவிக்கு வீட்டுப் பொருளிலே பாதி. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சட்டம் இது! சட்டமே அறியாத காட்டுமிராண்டிகளுக்கு இங்கிலாந்துதான் நீதி கற்பித்தது என்று பேசுவோர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

1282இல் இளவரசன் லெவெலின் போரிலே வீழ்ந்தான். 1284இலே வெற்றி வேந்தன் முதலாம் எட்வர்ட் ஒரு சாசனம் பிறப்பித்தான். குற்ற வழக்குக்கு இங்கிலாந்துச் சட்டம். நிலம், கடன் போன்ற வழக்குகளிலே பழைய வழக்கம் ஓரளவு இருந்துவிட்டுப் போகட்டும் என்றான். பாதி விழுங்கியாயிற்று, மீதி தொண்டையிலே!

1400இலே ஓவைன் கிளிந்தூர் தலைமையிலே கிளர்ச்சி வெடித்தது. அதற்குப் பதிலடியாக வந்தன தண்டனைச் சட்டங்கள். வேல்ஸ்காரன் ஆங்கிலேயர் நகரங்களிலே நிலம் வாங்கக் கூடாது. முக்கியப் பதவி வகிக்கக் கூடாது. தன் மண்ணிலேயே அவன் அந்நியன்!

முழுதாக விழுங்கியது எட்டாம் ஹென்றியின் காலம். இவன் தந்தை ஏழாம் ஹென்றி பிறந்ததே வேல்ஸ் மண்ணில்தான். உறவுக்காரன் ஆட்சி என்று வேல்ஸ் மக்கள் மகிழ்ந்தார்கள். உறவு என்ன தந்தது? 1536இலே ஒரு சட்டம். வேல்ஸ் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டது. இனி இங்கிலாந்துச் சட்டமே சட்டம். நீதிமன்ற நடவடிக்கை அனைத்தும் ஆங்கிலத்திலே. வேல்ஸ் மொழி மட்டும் பேசுவோருக்கு அரசுப் பதவி இல்லை! 1542-43இலே வந்த அடுத்த சட்டம் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கும் பழைய முறையையும் ஒழித்தது.

இத்தனையும் நிறைவேறிய 1536இன் பாராளுமன்றத்திலே வேல்ஸின் பிரதிநிதிகள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. இணைக்கப்பட்ட பிறகுதான் இடம் கொடுத்தார்கள். தாலி கட்டி முடித்த பிறகு பெண்ணின் சம்மதம் கேட்டது போல!

நன்மையே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, மறைக்க மாட்டேன். பழைய தண்டனைச் சட்டங்களின் இழிவு நீங்கிற்று. வேல்ஸ்காரனும் ஆங்கிலேயனும் சட்டத்தின் முன் சமம் என்றாயிற்று. நிலப்பிரபுக்களின் மனம் குளிர்ந்தது. ஆங்கிலம் கற்றார்கள், நீதிபதி ஆசனத்திலே அமர்ந்தார்கள். ஆனால் ஏர் பிடித்தவன்? ஆடு மேய்த்தவன்? அவனுக்குத் தெரிந்தது தாய்மொழி ஒன்றே. தன் தலைக்கு என்ன தீர்ப்பு என்பதைக்கூட மொழிபெயர்ப்பாளர் வாயிலாகத்தான் அறிந்தான். சமத்துவம் ஏட்டிலே, ஊமைத்தனம் கூண்டிலே!

பிறகு மிச்சமும் கரைந்தது. சட்டத்திலே ‘இங்கிலாந்து’ என்று எழுதினால் வேல்ஸும் அதிலே அடக்கம் என்று 1746இல் விதித்தார்கள். பெயரைத் தனியாக எழுதும் மையைக்கூட மிச்சப்படுத்திக் கொண்டார்கள்! வேல்ஸுக்கென்று இருந்த பெரிய நீதிமன்றங்களை 1830இல் கலைத்தார்கள்.

இப்போது ஸ்காட்லாந்தைப் பாருங்கள். அது இங்கிலாந்தோடு இணைந்தது 1707இலே. அங்கே தனிப் பாராளுமன்றம் இருந்தது. பேரம் பேச ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பேரத்திலே பணமும் விளையாடியது, மக்கள் தெருவிலே இறங்கி எதிர்க்கவும் செய்தார்கள். ஆயினும் ஒப்பந்தத்தின் 19ஆவது விதியிலே ஒன்றை எழுதி வாங்கிக் கொண்டார்கள். எங்கள் நீதிமன்றங்கள் எங்களுக்கே. எங்கள் வழக்கு இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்து நீதிமன்றங்களுக்குப் போகாது! வேல்ஸ் சேர்க்கப்பட்டது, ஸ்காட்லாந்து எழுதி வாங்கிக்கொண்டு சேர்ந்தது. தனிச் சாவியின் இரகசியம் இதுதான்.

ஏட்டிலே உள்ள இந்த வேறுபாடு மனிதன் வாழ்விலே என்ன செய்யும்? 1936ஆம் ஆண்டு கதையைக் கேளுங்கள். வேல்ஸின் லீன் தீபகற்பத்திலே, பென்னிபெர்த் என்ற இடத்திலே, குண்டு வீசப் பழகும் விமானப்படைப் பயிற்சி நிலையம் கட்ட முனைந்தது அரசு. பழம்பெரும் பண்ணை வீடு ஒன்றை இடித்துத் தள்ளியது. எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன, கேட்பார் இல்லை. செப்டம்பர் 8ஆம் நாள் அங்கிருந்த கொட்டகைகளிலே தீ! வைத்தவர்கள் ஓடி ஒளியவில்லை. தாங்களே காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னார்கள். கல்லூரி விரிவுரையாளர் சாண்டர்ஸ் லூயிஸ், மதகுரு லூயிஸ் வாலன்டைன், பள்ளி ஆசிரியர் டி. ஜே. வில்லியம்ஸ் என்ற மூவர்.

வழக்கு வேல்ஸின் கர்னார்வன் நகரிலே நடந்தது. அந்த ஊர் ஜூரிகள் ஒருமனப்படவில்லை. குற்றவாளி என்று சொல்ல அவர்களிலே எல்லோருக்கும் மனம் வரவில்லை. என்ன செய்தது அரசு? வழக்கைத் தூக்கி இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்திலே வைத்தது! 1937 ஜனவரியிலே, வேல்ஸ் அல்லாத ஜூரி முன்பு, மூவருக்கும் 9 மாதச் சிறை. சாண்டர்ஸ் லூயிசுக்கு வேலையும் போயிற்று. ஸ்காட்லாந்திலே இது நடந்திருந்தால் வழக்கை இலண்டனுக்கு மாற்றியிருக்க முடியாது. இடையிலே நீதி எல்லை குறுக்கே நிற்கும். விடுதலையான மூவரை வரவேற்க ஆயிரக்கணக்கிலே மக்கள் திரண்டார்கள். சட்டம் ஒரு தீர்ப்புச் சொன்னது, மக்கள் வேறு தீர்ப்புச் சொன்னார்கள்!

அந்த ஆத்திரம் வீண் போகவில்லை. மொழி உரிமைக்கு இலட்சக்கணக்கிலே கையெழுத்துத் திரண்டது. எட்டாம் ஹென்றியின் மொழி விதி 1942இலே நீக்கப்பட்டது. நானூறு ஆண்டுக்கு மேல் உயிரோடு இருந்த விதி! ஆனால் ஆங்கிலத்திலே பேசினால் பாதகம் நேரும் என்பவருக்கு மட்டுமே அப்போது தாய்மொழிச் சலுகை. விரும்பும் எவரும் நீதிமன்றத்திலே வேல்ஸ் மொழி பேசலாம் என்ற உரிமை 1967இல்தான் வந்தது.

இன்றைய நிலை என்ன? 1999இலே வேல்ஸுக்குச் சட்டமன்றம் கிடைத்தது. 2011இலே வாக்கெடுப்பு நடந்து, தனக்கு ஒதுக்கப்பட்ட துறைகளிலே முழுச் சட்டம் இயற்றும் உரிமையும் கிடைத்தது. ஆனால் காவல்துறை, நீதிமன்றம், சிறை மூன்றும் இலண்டன் கையிலேதான். வேல்ஸ் மண்ணிலே பெண்கள் சிறை ஒன்றுகூட இல்லை. தண்டனை பெற்ற தாய் எல்லை தாண்டி இங்கிலாந்துச் சிறைக்குப் போகிறாள். பிள்ளைகள் அவளைப் பார்க்க எவ்வளவு தொலைவு போக வேண்டும்! நீதித்துறையை வேல்ஸுக்கே தர வேண்டும் என்று 2019இலே பரிந்துரைத்தது ஒரு குழு. அதன் தலைவர் தாமஸ் பிரபு. அவர் யார்? அதே இங்கிலாந்து - வேல்ஸ் நீதி எல்லைக்குத் தலைமை நீதிபதியாக இருந்தவர்!

ஒரே எல்லையானால் வாணிகத்துக்கு வசதி, வழக்கறிஞருக்கு வசதி என்பார்கள். வசதிதான். ஆனால் ஸ்காட்லாந்து முந்நூறு ஆண்டுக்கு மேலாகத் தனிச் சட்டத்தோடு இருக்கிறதே, அங்கே வாணிகம் செத்துவிட்டதா? கப்பல் கட்டவில்லையா, கடை திறக்கவில்லையா?

அண்டை நாடுகள் ஒரே நீதியைப் பகிர்வது பாவம் அன்று. இருவரும் அமர்ந்து, இருவரும் பேசி, இருவரும் ஒப்பினால் அது பங்காளிகளின் ஒப்பந்தம். ஒருவர் எழுதி, மற்றவர் தலையிலே கட்டினால், எத்தனை நூற்றாண்டு கழிந்தாலும் அது கேள்விக்குரியதே. ஆகவே தோழர்களே, எங்கேனும் ஒன்றாகிவிட்டோம் என்று சொல்லக் கேட்டால் ஒரு கேள்வி கேளுங்கள். அதை எழுதிய நாளிலே, அந்த மேசைக்கு எதிர்ப்புறம் யாரேனும் உட்கார்ந்திருந்தார்களா?