கடலோரக் குடிலில் ஒரு வாளி நல்ல தண்ணீர்

லட்சத்தீவு என்றதும் லட்சம் தீவுகள் இருக்குமோ என்று மலைத்துவிடாதீர்கள். அரசாங்கக் கணக்கில் மொத்தமே 36. அதில் ஜனங்கள் குடியிருப்பது பத்தே பத்தில்தான். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தாலும் 32 சதுர கிலோமீட்டர்! 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இவை நம் சென்னை ராஜ்யத்தில் இருந்தவை என்பது நம்மில் பலருக்கு மறந்தே போய்விட்டது. நானும் என் அக்காவும் போய் வந்த கடமத் தீவு, அந்த நாளில் தென் கன்னட ஜில்லாவைச் சேர்ந்தது.

அந்தத் தீவில், கடலைப் பார்த்த குடில் ஒன்றில் ஐந்து நாள் தங்கினோம். "எப்படி இருந்தது?" என்று கேட்ட தோழிகள் எல்லோரும் கடலின் நிறத்தைப் பற்றித்தான் நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். அதுவும் சொல்கிறேன். ஆனால் வீடு நடத்துகிறவளாக நான் கவனித்துக்கொண்டு வந்தது தண்ணீரைத்தான். உப்புத் தண்ணீர் இல்லை; குடிக்கிற தண்ணீர்.

முதலில் போகும் வழி. கொச்சியிலிருந்து கப்பலில் ஏறினால் ஒரு இரவும் கொஞ்சம் பகலும் ஆகும். விமானத்தில் போகிறவர்கள் அகத்தித் தீவில் இறங்கி, அங்கிருந்து படகு பிடிக்க வேண்டும். இந்தியர்களான நமக்கும் இந்தத் தீவுகளுக்குப் போக அனுமதிச் சீட்டு அவசியம். கப்பலில் தலை சுற்றும், வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்கள் அதற்கான மாத்திரையைக் கப்பல் நகர்வதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். கப்பலின் நடுப்பாகத்தில் ஆட்டம் குறைவு. புத்தகம் படிக்காமல், கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி சங்கடம் இல்லை.

தீவை நெருங்கியதும் கப்பல் ஆழ்கடலிலேயே நின்றுவிட்டது. பக்கவாட்டில் கதவைத் திறந்து, கீழே ஆடிக்கொண்டிருக்கும் படகில் இறக்குகிறார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு, அலை படகைத் தூக்கும் சமயம் பார்த்து "இப்போ!" என்பார்கள். யோசிக்காமல் காலை வைத்துவிட வேண்டும். இதற்குப் புடவை சரிப்படாது. அக்கா வாழ்நாளில் முதல் தடவையாக சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் போட்டோ எடுக்க விடவில்லை!

பவளப்பாறை ஒரு மதில் மாதிரி கடலுக்குள் நிற்கிறது. மதிலுக்கு வெளியே பெரிய அலைகள் மோதி வெள்ளையாகச் சிதறுகின்றன. உள்ளே ஆழமில்லாத, ஆட்டமில்லாத தண்ணீர். இதைத்தான் லகூன் என்கிறார்கள். காலையில் வெளிறிய பச்சை, மத்தியானம் மயில் கழுத்து, சாயங்காலம் பால் கலந்த மாதிரி. எங்கள் குடிலின் திண்ணையிலிருந்து இருபது தப்படி நடந்தால் கால் நனைந்துவிடும். அங்கே கடல் புல் மேய்கிற ஆமைகள் தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முழுகுவதைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

இரண்டு பேருக்கு ஒரு அறை, ஒரு குளியலறை, திண்ணையில் இரண்டு நாற்காலி. டெலிவிஷன் இல்லை. வாசலுக்கும் மணலுக்கும் நடுவில் தாழம்புதர் அடர்த்தியாக இருந்தது. "இதை வெட்டிவிட்டால் கடல் இன்னும் நன்றாகத் தெரியுமே" என்று பக்கத்துக் குடில்காரர் சொன்னார். தெரியும்தான். ஆனால் மணலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தத் தாழை வேரும் தென்னை வேரும்தான். அவை போனால் மணல் போகும். மணல் போனால் குடில் எதன் மேல் நிற்கும்?

முதல் நாள் குளிக்கப் போன அக்கா, உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏண்டி, சோப்பு நுரைக்கவே மாட்டேங்கறதே! டூப்ளிகேட் சோப்பா?"

"சோப்பு நல்ல சோப்புதான் அக்கா. தண்ணி அப்படி."

அது கிணற்றுத் தண்ணீர். தீவு முழுக்கப் பவளமும் பவள மணலும். பவளம் என்பது கிட்டத்தட்ட சுண்ணாம்புதான். அதன் வழியாக இறங்குகிற தண்ணீர் கடினமாகத்தான் இருக்கும். சோப்பு நுரைக்காது, தலைமயிர் பிசுபிசுக்கும், பருப்பு லேசில் வேகாது.

இந்தத் தீவில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது, ஏரி கிடையாது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் நீளம் இருந்தாலும், அகலம் அரை கிலோமீட்டர் சொச்சம்தான். அப்படியிருக்கக் கிணற்றில் நல்ல தண்ணீர் எப்படி வந்தது?

ரசத்தில் நெய் விட்டால் மேலே மிதக்கிறது அல்லவா? அந்தக் கதைதான். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல் தண்ணீரின் மேல் மிதக்கிறது. உப்புத் தண்ணீர் கனம். மழைத் தண்ணீர் லேசு. நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. கடல் ஏறினால் கிணற்றில் தண்ணீர் ஏறுகிறது, கடல் இறங்கினால் இறங்குகிறது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதைத் தாங்க அடியில் சுமார் 40 அடி நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அங்குலம் குறைந்தால், கீழிருந்து உப்பு 40 அங்குலம் ஏறிவிடும்! மோட்டார் வைத்து ஒரே இடத்தில் இறைத்தால் நடுவில் உப்புக் கிளம்பிவிடுகிறது. ஒருமுறை உப்பாகிவிட்ட கிணறு நல்லதாவதற்கு மழைக்காலம்தான் கைகொடுக்க வேண்டும். ஜூனில் ஆரம்பிக்கிற தென்மேற்குப் பருவமழைதான் இவர்களுக்கு அன்னதாதா. நம்மைப் போன்ற விருந்தாளிகள் கூட்டம் கூட்டமாகப் போவதோ அக்டோபரிலிருந்து மே நடுப்பகுதி வரை. ஜனவரிக்குப் பிறகு மழை அருமை. கிணறு இளைத்துப் போகிற அதே காலம்தான் நமக்கு சீஸன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அருவருப்புப் பார்க்காமல் கேளுங்கள். வீட்டுக்கு வீடு கிணறு. வீட்டுக்கு வீடு கக்கூஸ் குழி. நடுவில் இருப்பது சல்லடை மாதிரி மணல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகாமல் என்ன செய்யும்? ஆகையால் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு பளிங்கு மாதிரி இருந்தாலும் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. பல் தேய்த்துக் கொப்பளிக்கக் கூட நாங்கள் குடிதண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டோம்.

அந்தக் குடிதண்ணீர் வந்த கதை நமக்குப் பெருமை தருவது. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் கண்ட வழி. பிரஷர் குக்கரில் என்ன நடக்கிறது? உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போய்த்தான் கொதிக்கிறது. இங்கே அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்துவிட்டால், கடலின் மேல்மட்டத் தண்ணீர் 28 டிகிரி சூட்டிலேயே ஆவியாகிறது. அடுப்பே வேண்டாம்! அந்த ஆவியைக் குளிர்விக்க, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் போட்டு ஜில்லென்ற கடல் தண்ணீரைக் கொண்டு வருகிறார்கள். உப்பு நின்றுவிடும், நல்ல தண்ணீர் சொட்டும். 2005இல் கவரத்தித் தீவில் முதன்முதலாக, நாளுக்கு 1 லட்சம் லிட்டர் கணக்கில் ஆரம்பித்தார்கள். கடமத்தில் 2024 ஜனவரியில் திறந்து வைத்தார்கள். இதன் அளவு நாளுக்கு 1½ லட்சம் லிட்டர்.

லட்சம் என்றால் பெரிதாகத்தான் காதில் விழுகிறது. ஆனால் கடமத்தின் ஜனத்தொகை 2011 கணக்குப்படி 5,400 சொச்சம். வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 28 லிட்டர் கூட முழுசாக வரவில்லை. நம் வீட்டு வாளியில் இரண்டு வாளிக்குள் அடங்கிவிடும்! பூத்தூவல் குழாயைத் திறந்துவிட்டு நிதானமாகப் பத்து நிமிஷம் நின்றால் எண்பது, தொண்ணூறு லிட்டர் ஓடிவிடும். தீவுக்காரர் ஒருவருக்கு மூன்று நாள் பங்கு அது. போதாததற்கு, அந்த யந்திரம் ஓட மின்சாரம் வேண்டும். தீவில் மின்சாரத்துக்கு டீசலைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கிறார்கள். டீசலும் கப்பலில்தான் வர வேண்டும்.

எங்கள் குடிலைப் பெருக்கித் துடைக்க வந்த அம்மாளிடம் இதையெல்லாம் பேசினேன். அவர்கள் பேசுவது ஜெஸரி என்கிற, மலையாளத்துக்கு நெருங்கிய பாஷை. என் அரைகுறை மலையாளமும் அவர் தமிழ் சினிமாவில் கற்ற தமிழும் ஒரு மாதிரி கை கோத்துக்கொண்டன. "சேச்சி, இங்கே பெண்ணுக்கு வீடு உண்டு. வீடு உண்டென்றால் கிணறும் உண்டு. கிணறு உப்பானால் வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய?" என்றார்.

அவர் சொன்னது வெறும் பேச்சல்ல. இந்தத் தீவுகளின் ஜனங்கள் இஸ்லாமியர்கள். ஆனாலும் வீடும் தென்னந்தோப்பும் தாய்வழியில் இறங்குகிற வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. தரவாட்டுப் பொதுச் சொத்துக்கு 'வெள்ளியாழ்ச்சை' சொத்து என்று பெயர். அது பெண் வழியாகப் போகும். தானே சம்பாதித்தது 'திங்களாழ்ச்சை' சொத்து. அதை இஷ்டப்படி கொடுக்கலாம். என்ன அழகான ஏற்பாடு, பெயரைக் கேட்டாலே புரிந்துவிடுகிறது! பழைய நாளில் கல்யாணமான பின்னும் பெண் தன் தாய் வீட்டிலேயே இருப்பாள். புருஷன் இரவில் வந்து போவான். கல்பேனித் தீவின் வழக்கங்களை ஆராய்ந்து, லீலா துபே என்ற அம்மையார் 1969இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஆக, இங்கே ஒரு கிணறு கெட்டால், ஒரு தாய் தன் மகளுக்கு விட்டுப்போக வேண்டிய சொத்து கெட்டுப்போகிறது.

2024 ஜனவரியில் பிரதமர் வந்து போன பிறகு லட்சத்தீவின் மேல் எல்லோர் கண்ணும் விழுந்துவிட்டது. அதற்கு ஒரு வருஷம் முன்பே, 2023இல், கடமத்தில் 110 அறைகள் கொண்ட பெரிய ஓட்டல் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. கரையில் 75, தண்ணீரின் மேலேயே கால் நட்டு 35. விருந்தாளிகள் வந்தால் அந்த அம்மாள் போன்றவர்களுக்கு வேலை கிடைக்கும். வேண்டாம் என்று வெளியூர்க்காரி நான் சொல்ல முடியுமா? ஆனால் எந்த ஓட்டலானாலும் அறை பதிவு செய்யும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "குளிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குளித்த தண்ணீர் எங்கே போகிறது?" பவளம் உயிருள்ளது. கடல் சூடேறி 1998, 2010, 2016, 2024 என்று நாலு தடவை இந்தப் பக்கத்துப் பவளம் வெளுத்துப் போயிற்று. அதன் மேல் சாக்கடையும் விழுந்தால்? அலையைத் தடுக்கிற மதில் அதுதானே!

நாங்கள் என்ன செய்தோம் என்கிறீர்களா? கடலில் குளித்துவிட்டு, கடைசியில் ஆளுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர். சொம்பால் மொண்டு விட்டுக்கொண்டால் ஒரு வாளி தாராளம். நம் பாட்டிமார் அப்படித்தானே குளித்தார்கள்? தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கடலில் இறங்கியதால் பிசுபிசுப்பும் குறைவு. துணி துவைப்பதை ஊருக்கு வந்து வைத்துக்கொண்டோம். ஆறு ஜோடி காட்டன் உடுப்பு போதும்.

கடலில் இறங்குகிறவர்கள் ரப்பர் அடியுள்ள கான்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பவளம் கீறினால் ஆற நாளாகும். நல்ல தண்ணீராலும் சோப்பாலும் கழுவி, உள்ளே துகள் இருந்தால் எடுத்துவிட வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு ரொம்ப வருஷம் ஆகியிருந்தால் கிளம்புமுன் டாக்டரைக் கேளுங்கள். தண்ணீரில் மிதக்கும்போது முதுகு வெந்து போவது தெரியாது. முழுக்கைச் சட்டையோடு இறங்குவது நல்லது. தீவில் ஆஸ்பத்திரி உண்டு, ஆனால் பெரிய சிகிச்சைக்குக் கொச்சி போக வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மருந்துகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே எடுத்துப் போங்கள்; கடல் கோபித்துக்கொண்டால் கப்பல் தாமதமாகும். உபயோகித்த நாப்கின், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்துவிட்டோம். அந்த மணலில் எங்கே புதைத்தாலும் அது யாரோ ஒருவர் கிணற்றுப் பக்கம்தான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் அக்கா என்னை விடமாட்டாள். அசைவக்காரர்களுக்குக் கொண்டாட்டம்: சூரை மீன் வறுவல், சூரை மீன் குழம்பு, காயவைத்த மாசி. சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். சோறு, பருப்பு, தேங்காய் அரைத்த கூட்டு உண்டு. காய்கறி கப்பலில் வருவதால் 'இது வேண்டும், அது வேண்டும்' என்று கேட்க முடியாது, அவ்வளவுதான். பருப்பு இங்கேயாவது வெந்திருக்கிறதே என்று சமையலறைக்குப் போய் விசாரித்தேன். முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, குடிதண்ணீரில் வேகவைக்கிறார்களாம். தென்னையிலிருந்து இறக்கும் மீரா என்ற பதநீரைக் காய்ச்சி வெல்லம் செய்கிறார்கள். அந்த வெல்லத்தோடு தேங்காய்த் துருவலைக் கிளறி, காய்ந்த இலையில் இறுக்கிச் சுருட்டி ஒரு இனிப்பு. அந்த அம்மாள் வீட்டிலிருந்து நாலு சுருள் கொண்டுவந்து கொடுத்தார். சென்னைக்கு வந்து பத்து நாள் வெளியிலேயே வைத்திருந்தோம், கெடவில்லை.