உடைந்த பாலத்தில் செத்தது யாரு?

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர்ல பேய் நடை போயிருந்தேன். ஹெரிடேஜ் வாக் மாதிரியேதான். தலைக்கு இவ்வளவுன்னு பணம் கட்டணும், ஒருத்தர் முன்னாடி நடந்து கதை சொல்வார், நாம பின்னாடியே போகணும். கோயில், கல்வெட்டுக்குப் பதிலா இதுல ஆவி, அவ்வளவுதான் வித்தியாசம். மொத்தம் பதினோரு பேர். ஒருத்தர் ஆபீஸ் ஐடி கார்டைக்கூட கழட்டாம நேரா வந்திருந்தார்.

ஊரூர் குப்பத்தைத் தாண்டி அடையாறு கடல்ல கலக்கிற இடத்துக்கு வந்தப்ப நல்லா இருட்டிடுச்சு. எதிரே உடைந்த பாலம். வழிகாட்டித் தம்பி டார்ச்சை அணைச்சுட்டு, குரலைத் தாழ்த்தி ஆரம்பிச்சார். ஒரு பொண்ணை இங்க கொன்னுட்டாங்களாம். ராத்திரியில அலறல் கேட்குமாம். பாலம் முடியற விளிம்புல வெள்ளையா ஒரு உருவம் நிக்குமாம். காத்து வேற அந்த நேரம் பார்த்து உடைஞ்ச கம்பிக்குள்ள புகுந்து ஒரு மாதிரி ஊளையிட்டுச்சு. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் முதுகுத்தண்டு சில்லுன்னு ஆச்சு.

பக்கத்துல படகு ஓரமா உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்திருக்கார். "யாருப்பா செத்தது? எந்த வருசம்?"னு கேட்டார். தம்பி சிரிச்சுக்கிட்டே, "சொல்றாங்க ஐயா, அவ்ளோதான்"னார். பெரியவர் விடலை. "எங்க ஊர்ல எங்களுக்குத் தெரியாம யாரு செத்தது? பாலம் போனதுதான் தெரியும். எங்கம்மா மீன் கூடையோட இதுமேல அந்தாண்ட போய் வந்தவங்க."

அந்தக் கேள்வியோடதான் தாம்பரத்துக்கு வண்டியை ஓட்டிக்கிட்டு வந்தேன். யாரு, எந்த வருசம்? ஒன்றரை மணி நேர நடையில இந்த ரெண்டுக்கும் பதில் வரவே இல்லை.

பாலத்தைப் பத்தித் தெரிஞ்ச விஷயம் சுருக்கமானது. 1967ல கட்டினது. இந்தக் கரையில இருக்கிற குப்பத்து ஜனங்க ஆத்தைக் கடந்து பட்டினப்பாக்கம், சாந்தோம் பக்கம் போறதுக்கான நடைபாலம். 1977 வெள்ளத்துல ஒரு பகுதி அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு, திரும்பக் கட்டலை. பத்து வருஷம் நடந்து போன வழி இல்லாம போச்சு, அப்புறம் சுத்திக்கிட்டுதான் போகணும். கூடை தூக்கின அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! பேய் நடைக்கு வந்த பதினோரு பேருக்கும் இது தெரியாம போச்சு, இல்லாத ஒரு பொண்ணோட அலறல் மட்டும் தெரிஞ்சுது.

இந்தப் பேய் நடைங்கிற தொழில் எப்படி வந்ததுன்னு தேடினேன். இங்கிலாந்துல யார்க் நகரத்துல 1973ல ஆரம்பிச்ச நடையை உலகத்துலேயே முதல்னு சொல்லிக்கிறாங்க. அப்புறம் லண்டன், எடின்பரோ, அமெரிக்காவுல சவான்னா, நியூ ஆர்லியன்ஸ்னு பழைய தெருக்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் பரவிடுச்சு. வேலை செய்யற விதம் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். பொழுது சாயற நேரமா இருக்கணும். ஏன்னா கண்ணுக்குத் தெளிவா தெரியாததை மூளை தானே நிரப்பிக்கும். அதுவும் எப்பவும் ஒரு ஆளாத்தான் நிரப்பும். புதர் அசைஞ்சா அது காத்துன்னு நினைச்சு ஏமாந்து புலிகிட்ட மாட்டறதைவிட, புலின்னு நினைச்சு சும்மா ஓடறது லாபம். அந்தக் கணக்குல பிழைச்சு வந்தவங்க வாரிசுங்க நாம. அடுத்து, ஒரு நிறுத்தத்துல இருந்து இன்னொண்ணுக்குப் போற இடைவெளியில வழிகாட்டி பேசக்கூடாது. பயம் ஊறுறதே அந்த அமைதியிலதான். எல்லாத்தையும்விட முக்கியம், எதையும் அவர் நேரடியா சொல்லவே மாட்டார். 'சொல்றாங்க'ங்கிற ஒத்தை வார்த்தையில பொறுப்பு முழுக்கக் கழண்டுடும்.

பேய் நடைன்னாலே மோசம்னு சொல்ல வரலை. எடின்பரோவுல கிரேஃப்ரையர்ஸ்னு ஒரு தேவாலயக் கல்லறை. அங்க ஜார்ஜ் மெக்கன்சிங்கிற பழைய அரசு வழக்கறிஞரோட ஆவி ஆளுங்களைப் பிறாண்டுதுன்னு 1990களோட கடைசியில இருந்து நடை ஓடிக்கிட்டிருக்கு. பிறாண்டுதோ இல்லையோ, மெக்கன்சி நிஜ ஆள். 1679ல ஒரு சண்டையில தோத்த கவனன்டர்ங்கிற மதப் பிரிவினரை நூத்துக்கணக்குல கைதுபண்ணி, அந்தக் கல்லறையை ஒட்டின வெட்டவெளியில மாசக்கணக்கா அடைச்சு வெச்சிருந்தாங்க. அவங்களை வேட்டையாடின அரசுக்கு வழக்கறிஞர் இவர். பேயைப் பார்க்க வர்றவன் அந்த வருஷத்தையும் தெரிஞ்சுக்கிட்டுப் போறான்.

சவான்னா கதை நேர் எதிர். அங்க சோரல்-வீட் மாளிகைன்னு ஒரு வீடு. முதலாளி, மோலிங்கிற அடிமைப் பெண்ணோட உறவு வெச்சிருந்தார், அவ அங்கேயே தூக்குல தொங்கினா, அவ ஆவி இன்னும் இருக்குன்னு நடையில சொல்வாங்க. டியா மைல்ஸ்ங்கிற வரலாற்றாசிரியர் அந்த மோலி யாருன்னு ஆவணங்கள்ல தேடினார். கிடைக்கலை. 2015ல வந்த அவரோட புத்தகம் இந்த மாதிரி நடைகளைப் பத்தினதுதான். அந்த ஊர்ல அடிமையா வாழ்ந்து செத்த நிஜப் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது, டிக்கெட் விக்கிறது கற்பனையா இருக்கக்கூடிய ஒருத்தி பேர்ல. இதைப் படிச்சப்ப எனக்குப் படகோரத்துப் பெரியவர்தான் ஞாபகம் வந்தார்.

நம்ம ஊர்ல இதுக்குப் பக்கத்துல வர்றது டிமாண்டி காலனி. ஆழ்வார்பேட்டையில செயின்ட் மேரீஸ் ரோடு பக்கம் இருக்கு. 2015ல அருள்நிதி நடிச்ச படம் வந்ததுக்கப்புறம் அந்தப் பேர் தெரியாத ஆளே கிடையாது. மனநிலை பாதிச்ச மனைவி, செத்துப்போன பையன், தானா ஆடற நாற்காலின்னு கதை போகும். ஜான் டிமாண்டி நிஜமாவே இருந்த ஆள். போர்த்துகீசிய வம்சாவளி வணிகர், பெரிய பணக்காரர். 1821ல செத்துப் போனார். ஆழ்வார்பேட்டையில இல்லை, கோவளம் கார்மேல் மாதா கோயில்ல அடக்கம். அவர் சொத்து கத்தோலிக்கத் திருச்சபைக்குப் போச்சு. இன்னைக்கு 'பேய் பங்களா'ன்னு போட்டோவுல காட்டற வீடுகள் அவர் காலத்துக்கு ரொம்பப் பின்னாடி கட்டினது, ஆள் குடியில்லாம பல வருஷம் பூட்டிக் கிடந்தது. நகரத்து நடுவுல, அவ்வளவு விலை போற மனையில, இருட்டா ஒரு தெரு இருந்தா பார்க்கிறவனுக்குக் காரணம் வேணும். ட்ரஸ்ட், குத்தகை, வாரிசுன்னு சொன்னா யார் கேட்பா?

சர்வர்ல லாக் இல்லாத நேரத்துல ஏதாவது உடைஞ்சா, எங்க டீம்ல ஆளுக்கொரு கதை சொல்வாங்க. லாக் கிடைச்சதும் கதையெல்லாம் அடங்கிடும். பேய்க் கதையும் பெரும்பாலும் அப்படித்தான்னு எனக்குத் தோணுது. செத்தவங்க நிறைய இருக்கிற இடத்துல அது முளைக்கிறதில்லை. பதிவு இல்லாத இடத்துலதான் முளைக்குது.

இதுக்குச் சாட்சி எங்க பக்கத்துலயே இருக்கு, பல்லாவரம். 1863 மே 30ல ராபர்ட் புரூஸ் ஃபுட்ங்கிற நிலவியலாளர் அங்க ராணுவப் பரேடு மைதானத்துப் பக்கம், தோண்டிப் போட்டிருந்த செம்புராங்கல் சரளையில ஒரு கைக்கோடரியைக் கண்டுபிடிச்சார். இந்தியாவுல அடையாளம் கண்ட முதல் பழைய கற்காலக் கருவி அது. அப்புறம் 1880களில் அலெக்சாண்டர் ரீ அதே பல்லாவரம் குன்றுகள்ல சுடுமண் ஈமப்பேழைகளைத் தோண்டி எடுத்தார். அடியில வரிசையா கால் வெச்ச நீளமான மண்தொட்டி, செத்தவங்க எலும்பை வெச்சுப் புதைக்கிறது. இரும்புக்காலத்துப் பழக்கம். ஆக, ஜி.எஸ்.டி. ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கறமே, அதைச் சுத்தி இருக்கிற மண்ணுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசான சவங்கள். வெள்ளிக்கிழமை சந்தையில பழைய மிக்ஸியும் ரோஜாச் செடியும் வாங்கிட்டு வர்றோம். ஒரு பேய்கூட கிடையாது! ஆளுங்க இருபத்திநாலு மணி நேரமும் நடமாடற ஊர்ல அதுக்கு இடம் ஏது?

இன்னொரு விஷயமும் உண்டு. கோரமா செத்தவங்களை என்ன பண்றதுன்னு நம்ம கிராமங்களுக்கு ரொம்ப காலமா தெரியும். சண்டையில விழுந்தவனுக்கு நடுகல். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன், கழுவேத்தின காத்தவராயன் ரெண்டு பேரும் சாமி. ஒரு பேர், ஒரு இடம், வருஷத்துக்கு ஒரு படையல். பயம் போகாது, ஆனா அந்தப் பயத்துக்கு ஒரு முகவரி இருக்கும். பேய் நடையில வர்ற ஆவிக்கு முகவரி கிடையாது. அதனாலதான் 'வெள்ளை உருவம்' எந்த ஊருக்கும் பொருந்துது.

டிமாண்டி கோயிலைப் பார்க்கலாம்னு போன ஞாயிறு கோவளம் கிளம்பினேன். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியா ஈ.சி.ஆர். பிடிச்சா முட்டுக்காடு பக்கத்துல கரிக்காட்டுக்குப்பம் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில நாசமான மீனவ கிராமம். ஜனங்களை வேற இடத்துல குடியமர்த்தினாங்க. பழைய வீடுகள் கூரை இல்லாம அப்படியே நிக்குது. இணையத்துல 'சென்னையின் பேய் கிராமம்'னு இதுக்கு எக்கச்சக்க வீடியோ. நான் போனப்பவும் நாலு பசங்க ஒரு சுவரோரமா போனை வெச்சு, "இங்க ராத்திரி குழந்தை அழுற சத்தம் கேட்குமாம்"னு மூணாவது டேக் எடுத்துக்கிட்டிருந்தாங்க. அழுத குழந்தைங்க இங்க நிஜமா இருந்தாங்க. பிழைச்சவங்க இப்ப இருபது வயசு தாண்டியிருப்பாங்க, பக்கத்துலதான் குடியிருப்பாங்க, இந்த வீடியோ அவங்க போனுக்கும் வரும். பெரியவர் கேட்ட கேள்விக்கு இங்க பதில் சொல்ல ஆள் இருக்கு. கேட்கத்தான் யாரும் போகலை. பசங்ககிட்ட ஏதாவது சொல்லணும்னு தோணுச்சு. "தம்பி, புதுக் குடியிருப்புல போய்க் கேட்டுட்டு அப்புறம் எடுங்களேன்"னேன். "சரி அங்கிள்"னு சொல்லிட்டு நாலாவது டேக் எடுத்தாங்க.

எங்க அபார்ட்மென்ட்ல இதைக் கேள்விப்பட்டு, பிள்ளைங்களுக்கு ஒரு பேய் நடை நீங்களே நடத்துங்க சார்னு கேட்டிருக்காங்க. பல்லாவரத்துலதான்னு சொல்லிட்டேன். பரேடு மைதானம் பக்கம் ஆரம்பிச்சு, மகேந்திரவர்மன் குடைஞ்ச குகைக்கோயில் இப்ப தர்காவா இருக்கிற குன்றுல முடிக்கலாம்னு யோசனை. பேய் வருமான்னு ஆறாங்கிளாஸ் பையன் ஒருத்தன் இப்பவே கேட்டுட்டான். ஈமப்பேழை படம் ஒண்ணைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இதுக்குள்ள இருந்தவர் பேரு என்ன அங்கிள்?"னு கேட்டான்.

மே 30, சாயங்காலம் அஞ்சரை மணி. டார்ச்சும் தண்ணியும் கொண்டு வாங்க.