அத்தான் வீட்டுப் பவளக் குளியல்

குற்றாலத்தில் ஸீஸன் ஆரம்பித்தால் தென்காசிக்காரனுக்கு இரண்டு தொந்தரவு. ஒன்று, டூ வீலர் நிறுத்த இடம் கிடைக்காது. இன்னொன்று, சொந்தக்காரர்கள். சாரல் விழுந்த சேதி ஹூஸ்டன் வரைக்கும் எப்படித்தான் போகிறதோ, போன ஸீஸனுக்கு அக்காவும் அத்தானும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டார்கள்.

மெயின் அருவியில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, நாலு நிமிஷம் குளித்து (பின்னால் நின்ற ஆசாமி முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்), ரம்புட்டான் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். அத்தான் நேரே ஹாலில் இருந்த மீன் தொட்டி முன்னால் போய் நின்றார்.

"மாப்ளே, மீனுக்குப் பேன் பிடிச்சிருக்கு!"

கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. நாலு தங்கமீன்களில் பெரியதான குண்டன் (பெயர் உபயம்: இரண்டாம் கிளாஸ் படிக்கும் என் மகள்) கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். செதிலோடு செதிலாக, தட்டையாக, கண்ணாடி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் நகர்ந்தது! மீன் பேன் என்பது இறால், நண்டுக்கெல்லாம் தூரத்துச் சொந்தம். இரண்டு உறிஞ்சுவாயால் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, ஊசி போல ஒன்றைக் குத்தி ரத்தம் குடிக்கும்.

"இதெல்லாம் ஜுஜுபி. என் பவளத்துக்கு வராத பூச்சியா?" என்றார் அத்தான்.

அத்தான் ஹூஸ்டனில் உப்புத் தண்ணீர் தொட்டி வைத்துப் பவளப்பூச்சி வளர்க்கிறார். விரல் நீளத் துண்டுக்கு அவர் கொடுக்கும் டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்தேன். பி.காம். படித்ததற்கு அன்றுதான் வருத்தப்பட்டேன். அந்த விலைக்கு வாங்குகிற மான்கொம்புப் பவளத்தோடு, கண்ணுக்கே தெரியாத சிவப்புப் பூச்சியும், பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவும் இலவச இணைப்பாக வந்துவிடுமாம். ஒரு துண்டில் வந்தால் தொட்டி முழுக்கப் பரவி, எல்லாம் வெளுத்துப் போகும். அதற்கு அங்கே பலர் செய்கிற வைத்தியம், தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்து! பக்கெட் உப்புத் தண்ணீரில் கலக்கி, பவளத்தைச் சில நிமிஷம் முக்கி ஆட்டினால், பூச்சிகள் மயங்கி உதிர்ந்துவிடும். பிறகு நல்ல உப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசித்தான் தொட்டிக்குள் விட வேண்டும். ஒரு தடவை சரியாக அலசாமல் விட்டு, தொட்டியில் இருந்த இறால் அத்தனையும் போயிற்று என்பதையும் அத்தானே சொன்னார். கொஞ்சம் லேட்டாக.

"உனக்கும் ஒரு துண்டு கொண்டு வரட்டுமா மாப்ளே?"

வேண்டவே வேண்டாம் என்றேன். நம் ஊரில் கட்டிடச் சுண்ணாம்புக்காக மன்னார் வளைகுடாப் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டியெடுத்த காலம் உண்டு. 2001-ல் கடல் பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் சேர்த்துவிட்டார்கள். பிடிபட்டால் 3 முதல் 7 வருஷம் உள்ளே.

பவளம் வேண்டாம், வைத்தியம் மட்டும் போதும் என்று இருவரும் உரக்கடைக்குப் போனோம். அண்ணாச்சி கேட்டார்: "எந்தப் பயிருக்கு?"

"மீனுக்கு" என்று உளறினேன்.

"பிடிக்கதுக்கா, வளக்கதுக்கா?"

"வளர்க்கத்தான்."

"அப்பம் தர மாட்டேன். வேற சோலி இருந்தாப் பாருங்க."

அடுத்த தெருவில் இன்னொரு கடை. "ரோஜாச் செடிக்கு" என்றார் அத்தான். கிடைத்துவிட்டது.

பேன் அதிகம் இருந்ததால் முதலில் குண்டன். பக்கெட்டில் விட்ட ஒரு நிமிஷத்தில் விர்ரென்று சுற்றினான். துள்ளினான். அலறியடித்து நல்ல தண்ணீரில் மாற்றினேன். ஒருக்களித்துக் கிடந்தான். பேன் எல்லாம் உதிர்ந்திருந்தது. ஆபரேஷன் ஸக்ஸஸ் என்று ஜோக் படிப்போமே, அதேதான். ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் பாட்டிலைப் படித்தேன். மஞ்சள் முக்கோணம். நம் நாட்டில் பூச்சி மருந்து பாட்டிலில் சிவப்பு முக்கோணம் என்றால் படுபயங்கரம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. அதுவும் மனுஷனுக்கு, மாட்டுக்குப் போட்ட கணக்கு. மீனுக்கு வேறு கணக்கு. இந்த ஜாதி மருந்து நரம்பின் கதவுகளை மூட விடாமல் திறந்தே வைத்துவிடும். நம் கல்லீரல் அதைச் சீக்கிரம் உடைத்துத் தள்ளுகிறது. மீனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. போதாக்குறைக்குச் செவுள் வழியே நேராக ரத்தத்தில் கலக்கிறது. பவளத்துக்கோ செவுளும் இல்லை, மூளையும் இல்லை. (எங்கள் இருவருக்கும் செவுள் மட்டும்தான் இல்லை என்றாள் மனைவி.)

மிச்சம் மூன்று மீன்களுக்கு வைத்தியம் என் மனைவி. ஈரத் துணியில் பிடித்து, புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொரு பேனாக எடுத்தாள். பேன் முட்டையிடுவது மீன் மேல் அல்ல, கண்ணாடியிலும் கல்லிலும், வரிசை வரிசையாக. மீன் பண்ணைக்காரர்கள் குளத்தில் மூங்கில் குச்சி நட்டு, அதில் முட்டையிட வைத்து, எடுத்துக் காயப்போட்டுவிடுவார்களாம். நாங்கள் தொட்டியைக் காலி செய்து, சுரண்டி, மொட்டை மாடியில் மூன்று நாள் வெயிலில் போட்டோம். இரண்டு வாரம் கழித்துப் பொரித்து வந்த நாலைந்தையும் இடுக்கி கவனித்துக்கொண்டது.

பெரிய தலைவலி அந்தப் பக்கெட் தண்ணீர். வாசல் சாக்கடையில் கொட்டலாம் என்றால், அது ஓடையில் சேர்ந்து, ஓடை சிற்றாற்றில் சேர்ந்து, சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. எத்தனை ஊர் குடிக்கிற தண்ணீர்! மறுபடி முதல் அண்ணாச்சியிடமே போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "கிணறு, வாய்க்கால் பக்கம் இல்லாத இடமாப் பாத்துக் குழி தோண்டி ஊத்தி மூடுங்க. பக்கெட்டை வேற எதுக்கும் எடுக்காதிய" என்றார்.

மகளிடம் "குண்டன் அருவிக்குக் குளிக்கப் போயிருக்கான்" என்று அத்தான் சொல்லி வைத்திருந்தார். மறுநாள் ஐந்தருவியில் அவள் குளிக்கவே இல்லை. தண்ணீர் விழுந்து ஓடும் இடத்தில் குனிந்து தேடிக்கொண்டே இருந்தாள். அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். அழவில்லை. "யார் முக்கினது?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது ஹூஸ்டனிலிருந்து போன் வந்தால் முதலில் அவள்தான் எடுக்கிறாள். "மாமா, உங்க பவளம் உயிரோட இருக்கா?" என்கிறாள். பிள்ளைக்கு என்ன அக்கறை என்று அத்தானுக்கு ஒரே சந்தோஷம்.