வலிக்காத கடியை நம்பாதீர்கள்

ஜொகூரில் பாம்பு என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது கறுப்பு நாகம்தான். செம்பனைத் தோட்டத்தில் எலி தேடித் திரியும் அது படமெடுக்கும், சீறும், கண்ணைப் பார்த்து விஷத்தைப் பீய்ச்சும். கடித்துவிட்டால் வலி தாங்க முடியாது, கை கால் வீங்கிவிடும். அதனாலேயே கடிபட்டவரை யாரும் வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதில்லை. கையில் கிடைத்த வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுகிறார்கள்.

ஆபத்து இன்னொரு வகையிடம் இருக்கிறது. ஆள் அரவம் கேட்டால் ஒதுங்கிப் போகும், சீறாது, துரத்தாது. கடித்தாலும் பல சமயம் கடித்ததே தெரியாது. வலியும் வீக்கமும் இல்லையே, விஷமில்லாத பாம்பாக இருக்கும் என்று படுத்துத் தூங்கப் போகிறோமே, அங்கேதான் உயிர் போகிறது.

பகலில் சாது, இரவில் வேட்டைக்காரன்

தமிழ்நாட்டுக் கட்டுவிரியனின் பங்காளிகள் மூவர் தீபகற்ப மலேசியாவில் இருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட மலாயா கட்டுவிரியன், கறுப்பும் மஞ்சளும் கலந்த பட்டைக் கட்டுவிரியன், மலைக்காட்டுப் பக்கம் வாழும் செந்தலைக் கட்டுவிரியன். பகலில் பார்த்தால் இவற்றைப் போலச் சாது வேறில்லை. சுருண்டு படுத்து, தலையை உடம்புக்கு அடியில் மறைத்துக்கொள்ளும். இருட்டியதும்தான் இரை தேடிக் கிளம்பும். இரையும் பெரும்பாலும் மற்ற பாம்புகளே. அரணை, எலி கிடைத்தாலும் விடாது.

இரவில் தரையில் படுத்திருப்பவர் புரண்டு இதன்மேல் கை போட்டால் கடிக்கும். பல் சிறியது. காலையில் தேடினால் கொசுக்கடி மாதிரி இரண்டு புள்ளி தெரியலாம், அதுகூடத் தெரியாமலும் போகலாம்.

பட்டையைப் பார்த்து அடையாளம் கண்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஓநாய்ப் பாம்பு என்னும் விஷமற்ற இனத்தில் சில, கட்டுவிரியனைப் போலவே பட்டை போட்டிருக்கும். கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் பாம்பியல் அறிஞர் ஜோசப் ஸ்லோவின்ஸ்கி 2001 செப்டம்பரில் வட பர்மாவின் மலைக்காட்டில் ஆய்வில் இருந்தபோது, விஷமற்ற பாம்பு என்று சொல்லித் தரப்பட்ட பைக்குள் கையை விட்டார். உள்ளே இருந்தது பென்சில் தடிமன்கூட இல்லாத கட்டுவிரியன் குட்டி. மூச்சு நின்றபின் உடனிருந்தவர்கள் முறை வைத்து வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே இருந்தார்கள். உதவி வந்து சேரவில்லை, மறுநாள் இறந்துபோனார். பாம்பே தொழிலாக இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், டார்ச் வெளிச்சத்தில் வாலை மட்டும் பார்த்துவிட்டு 'இது ஒன்னும் செய்யாது' என்று தீர்ப்புச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரை என்ன சொல்வது?

முதலில் சரிவது கண் இமை

கட்டுவிரியன் விஷம் சதையை அழுகச் செய்வதில்லை. நரம்பு தசைக்குக் கட்டளை தரும் நுனியைத் தாக்குகிறது. அந்த நுனி சிதைந்துவிட்டால் மூளை எவ்வளவு சொன்னாலும் தசை அசையாது.

சில மணி நேரம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். பிறகு இமைகள் கனக்கும். கண்ணைத் திறக்கச் சொன்னால் நெற்றியைச் சுருக்கிப் பார்ப்பார், பாதிதான் திறக்கும். ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்பார். பேச்சு குழறும். எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் வழியும். கழுத்து நிற்காது. கடைசியில் மூச்சுவிடும் தசையும் ஓய்ந்துவிடும்.

இந்த நிலையில் ஒருவர் கண் மூடி, அசைவற்று, கூப்பிட்டதற்குப் பதில் இல்லாமல் கிடப்பார். பார்ப்பவர்கள் நினைவு போய்விட்டது, ஏன், உயிரே போய்விட்டது என்று அழத் தொடங்குவார்கள். அவருக்கோ பக்கத்தில் பேசுவதெல்லாம் காதில் விழுந்துகொண்டிருக்கலாம். தசைதான் செத்திருக்கிறது, நினைவு இருக்கிறது. செயற்கைச் சுவாசம் கிடைத்தால் இப்படிக் கிடந்தவர்கள் நடந்தே வீடு திரும்பலாம்.

நீலப் பவளப் பாம்பு

கட்டுவிரியனைப் போலவே நரம்பைத் தாக்கும் இந்தப் பாம்பைப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்கள் அழகில் மயங்கிக் கையில் எடுக்கப் போவதுதான் பிரச்சினை. கருநீல உடம்பு, பக்கவாட்டில் வெளிர்நீலக் கோடு, தலையும் வாலும் அடிவயிறும் நெருப்புச் சிவப்பு. தீபகற்பத்தின் காடுகளில் உதிர்ந்த இலைக்கு அடியில் வாழ்கிறது. வாரக் கடைசியில் மலையேறப் போகும் இளைஞர்கள் விழுந்து கிடக்கும் மரத்தைப் புரட்டும்போது எதிர்ப்படலாம். சீண்டினால் புரண்டு சிவந்த வாலைத் தூக்கிக் காட்டும். அது எச்சரிக்கை, புகைப்படத்துக்குப் போஸ் இல்லை.

இதன் விஷச் சுரப்பி தலைக்குள் அடங்குவதில்லை. உடம்பின் நீளத்தில் கால்பங்கு வரை பின்னோக்கி நீண்டு கிடக்கிறது. 2016இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் விஷத்தில் கண்டறிந்த ஒரு நச்சு, வழக்கத்துக்கு நேர் எதிராக வேலை செய்கிறது. கட்டுவிரியன் தசையைத் தளர்த்தும். இது நரம்புகளை ஒரேயடியாக முடுக்கிவிட்டு இரையை விறைத்துப் போக வைக்கும். மனிதரைக் கடித்த சம்பவங்கள் மிக அரிது. ஆனால் இதற்கென்று தனி முறிமருந்து இல்லை. கண்டால் வழிவிட்டு நிற்பது ஒன்றே வைத்தியம்.

குளிர்நாட்டிலிருந்து வந்த கட்டு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, டாஸ்மேனியா பக்கம் காப்பர்ஹெட் என்றொரு பாம்பு உண்டு. மற்றப் பாம்புகள் பதுங்கிவிடும் குளிரிலும் இது நடமாடும். மனிதரைக் கண்டால் நழுவிவிடும் கூச்சக்காரப் பாம்பு, விஷம் மட்டும் கடுமை. இத்தகைய நரம்பு விஷப் பாம்புகள் நிறைந்த நாட்டில்தான் ஸ்ட்ரூவன் சதர்லாந்து என்ற மருத்துவர் 1970களின் இறுதியில் ஒரு முதலுதவியைக் கொண்டுவந்தார். கடிபட்ட கை அல்லது கால் முழுவதையும் மீள்தன்மையுள்ள அகலமான பேண்டேஜால் சுற்றி, குச்சி வைத்துக் கட்டி, அசையாமல் வைப்பது. விஷம் நிணநீரோடு பரவுவது இதனால் தாமதமாகும்.

இதைப் படித்துவிட்டு எல்லாக் கடிக்கும் பேண்டேஜ் சுற்றக் கூடாது. நாகமும் குழிவிரியனும் கடித்து வீங்கிய இடத்தை இறுக்கினால் விஷம் அங்கேயே தேங்கிச் சதையை மேலும் கெடுக்கும். வீக்கமில்லாத நரம்பு விஷக் கடிக்கு, அதுவும் கட்டிப் பழகியவர் கையால் மட்டுமே இது பொருந்தும். மற்றவர்கள் செய்ய வேண்டியது எளிது: கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வையுங்கள், கை காலைப் பலகையோ அட்டையோ வைத்து அசையாமல் கட்டுங்கள், மோதிரம், வளையல், கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள், 999ஐ அழையுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

வேப்பிலையும் விஷக்கல்லும்

தோட்டத்துப் பெரியவர்களிடம் ஒரு சோதனை உண்டு. வேப்பிலையோ மிளகாயோ மெல்லக் கொடுத்து, கசப்பும் காரமும் தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரிந்தால் விஷம் ஏறவில்லையாம். கட்டுவிரியன் விஷம் நாக்கின் சுவையைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. விழுங்கும் தசை தளர்ந்துகொண்டிருக்கும் ஒருவர் வாயில் எதைக் கொடுத்தாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போய் அடைக்கும். தண்ணீர், பால், கஷாயம், சாராயம் எதுவுமே வேண்டாம்.

விஷக்கல் ஒட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் பலன் தராதவை. கயிற்றால் இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் கையே போய்விடும். மந்திரித்தால் இறங்கிவிட்டது என்று சொல்கிறவர்களும் பொய் சொல்வதில்லை. விஷப் பாம்பு கடித்தாலும் எல்லாக் கடியிலும் விஷம் இறங்குவதில்லை. அந்தப் புண்ணியம் மந்திரத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சாமியைக் கும்பிட வேண்டுமானால் ஆம்புலன்சில் உட்கார்ந்து கும்பிடலாம்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

பக்கத்துக் கிளினிக்கில் காட்டி நேரத்தைக் கழிக்காமல், அவசரப் பிரிவும் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்குப் போவதே நல்லது. பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டு போகாதீர்கள், அந்த முயற்சியில் இரண்டாவது ஆளும் கடிபடுவார். தள்ளி நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் பரவாயில்லை.

மலேசியாவில் பாம்புக்கடியைக் கையாளும் மருத்துவர்களுக்குத் துணையாக 'ரெக்ஸ்' என்ற தொலைநிலை ஆலோசனைக் குழு இயங்குகிறது. பாம்பின் படத்தையும் நோயாளியின் நிலையையும் அனுப்பினால், விஷக்கடி நிபுணர்கள் எந்த மருந்து, எவ்வளவு என்று வழிகாட்டுவார்கள். கட்டுவிரியனுக்கான முறிமருந்து தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோவபா நிலையத்திலிருந்து வருகிறது. இந்தியாவின் முறிமருந்து அங்குள்ள நான்கு பாம்புகளுக்காகச் செய்யப்படுவது. 'ஊரிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளலாமே' என்ற யோசனை வேண்டாம்.

சீக்கிரம் போகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. முறிமருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும். ஏற்கெனவே சிதைந்துவிட்ட நரம்பு நுனியை அதனால் திருப்பித் தர முடியாது. அது தானாக வளர நாட்களாகும், சிலருக்கு வாரங்களாகும். அதுவரை இயந்திரம்தான் மூச்சுவிட வேண்டும்.

நன்றாகத்தானே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு வருபவர்கள் உண்டு. குறைந்தது 24 மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும். தாதியர் அடிக்கடி வந்து மேலே பாருங்கள், ஒரே மூச்சில் எண்ணுங்கள் என்று தொல்லை செய்வது காரணமில்லாமல் இல்லை. நேற்று முப்பது வரை எண்ணியவர் இன்று பதினைந்தில் நின்றால், மூச்சுத் தசை சோர்கிறது என்று பொருள்.

தரையில் படுக்காதீர்கள்

கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டாலே இரவுக் கடியில் பெரும்பகுதி தவிரும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிற கொங்சித் தொழிலாளர்களுக்கு ஒரு மடக்குக் கட்டில் வாங்கித் தருவது முதலாளிக்குப் பெரிய செலவில்லை. விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களுக்குத் தலைவிளக்கும் பூட்ஸும் கட்டாயம். உதிரிப்பழம் பொறுக்கும்போது மட்டைக் குவியலுக்குள் வெறுங்கையை விடாமல் கொக்கியால் இழுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் இன்னும் கவனம் வேண்டும். 2006 டிசம்பரில் கோத்தா திங்கியிலும் 2023 மார்ச்சில் பத்து பஹாட்டிலும் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டோம். பாம்பும் மேடான இடம் தேடித்தான் வரும். தண்ணீர் வடிந்தபின் அலமாரிக்குப் பின்புறம், சலவை இயந்திரத்தின் அடி, சுருட்டிய பாய் ஆகியவற்றைக் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். உள்ளே பாம்பு இருந்தால் கதவைச் சாத்தி, இடுக்கைத் துணியால் அடைத்துவிட்டு, பொம்பாவையோ பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடுங்கள். பாம்பு பிடிப்பதும் அவர்கள் வேலைதான்.

இரவில் ஏதோ கடித்தது, காலையில் கண் இமை தூக்க முடியவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால், பாம்பைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்காமல் 999ஐ அழையுங்கள்.